கலக்கப்பட்டது

பதினோராம் பக்கம், இடது பத்தி, அடியில்.
மூன்று வரிதான்.
துறைமுகத் தொண்டர் பீரங்கிப் பிரிவு
ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம்.
ஆங்கில மூலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு:
நாலு மணிக்குள் முடியுமா?

முடிந்தது.
இருபத்தாறு வருஷத்துக்குக் கால்மணி நேரம்.

கலைத்தல் என்று எழுதினேன்.
காகத்தைக் கலைப்பது, கள்ளனைக் கலைப்பது,
தூக்கம் கலைவது, கரு கலைவது
எல்லாம் அந்தச் சொல்லுக்குள் கிடந்தன.
அணிவகுப்பு முடிந்து மாலையில் கலைந்தவர்கள்
காலையில் திரும்பவும் வந்து நிற்பார்கள் என்பதும்.
வேறென்ன எழுத?
நீக்கம் உத்தியோகத்தருக்கு.
ஒழிப்பு மலேரியாவுக்கு.

இணைப்புக் கோப்பு தடித்திருந்தது.
மொழிபெயர்க்கத் தேவையில்லை, சிவப்பு மையில்.
அதனால் வாசித்தேன்.
முகத்துவாரத்தில் பீரங்கி இரண்டு, கடலைப் பார்த்தபடி.
எதிரிமேல் சுட்டது: இல்லை.
பயிற்சி வெடியில் நொருங்கிய கண்ணாடிக்கு
மட்டக்குளி திருமதி பெர்டினான்டஸுக்கு
பன்னிரண்டு ரூபாய் ஐம்பது சதம்.
யுத்த காலத்தில் எரிந்த அரிசிக் கப்பலிலிருந்து
எட்டுப் பேரைக் கரைசேர்த்த இரவு.
பதக்கம் கோரிய கடிதம்.
ஞாபகமூட்டல். இரண்டாம் ஞாபகமூட்டல்.
கலைப்பதற்கான காரணம்: பொது நலன்.
கையிருப்பில் குறைவு: பியூகிள் ஒன்று.

அச்சுக்கூடத்தில் சந்தியாப்பிள்ளைக்கு
அந்த வாரம் லை தீர்ந்துபோனது.
தும்பிக்கை தூக்கி நிற்கும் பழைய லை.
விலைக் கட்டுப்பாடு, வேலைநிறுத்தம், தலைமைக் காரியாலயம்
இருந்ததையெல்லாம் தின்றுவிட்டன.
பிறகு மாற்றலாம் என்று
வெறும் ல ஒன்றைச் செருகிவிட்டு
நீர்கொழும்புக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை வர்த்தமானி வெளிவந்தது.
சிங்களத்தில் சரி. ஆங்கிலத்தில் சரி.
தமிழில் அந்தப் பிரிவு
கலக்கப்பட்டது.

ஒருவரும் காணவில்லை.
திங்கள் காலை ஓர் ஆள் வந்தார்,
இரண்டு சதப் பொட்டலம்போல் மடித்த வர்த்தமானியோடு.
துவான் ஜெய்னோன் கிச்சிலான்,
கொம்பனித்தெரு, ரைபிள் வீதிக்குப் பின்பக்கம்.
மலே ஆள், தமிழ் கணீரென்றிருந்தது.
கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.
‘மிஸ்டர், கலக்கப்பட்டது எண்டு போட்டிருக்கு.
எதோட கலந்தீங்க?’

எனக்கு முகம் வேர்த்தது.
திருத்த அறிவித்தல் படிவத்தை இழுத்தெடுத்து
பேனையைத் திறந்தேன்.

‘அவசரப்படாதீங்க’ என்றார்.
‘ஸல்டீன் கோட்டை ஸ்டேஷன்ல டிக்கட் வெட்டுறான்.
எப்ரம்ஸ் வீட்ட வித்திட்டு
மெல்பனுக்குக் கப்பல் பாத்துட்டிருக்கான்.
பீரங்கி ரெண்டையும் பழைய இரும்புக்கு நிறுத்த நேரம்
விதானகே தராசுக்குப் பக்கத்துல நிண்டான்,
எடை சரியா எண்டு பாக்க.
அவனுக்கு எப்பவும் கணக்கு முக்கியம்.’

பிறகு குரலைத் தாழ்த்தினார்.
‘கலைச்சா முப்பது நாளைக்குள்ள
அரசாங்கச் சாமான் திருப்பிக் குடுக்கணும்.
கலக்கினா?’

அவர் கையைப் பார்த்தேன்.
பையில்லை, பொதியில்லை.
கீழுதட்டின் நடுவில்
வட்டமாக ஒரு தழும்பு.

சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று
சொல்லியிருக்கலாம்.
முரண்பாடு எழுந்தால் தமிழ்ப் பிரதி செல்லாது,
அதையும் தமிழில் எழுதியவன் நான்தான்.
பேனையை மூடினேன்.
தேத்தண்ணி சொன்னேன். குடித்தார்.
எட்டுப் பேரில் ஒருவன்
கப்பல் பூனையைக் கடைசிவரை விடவில்லையாம்,
அது கோப்பில் இல்லை.

எந்தக் கொம்பனி என்று
கொம்பனித்தெருவில் யாரும் கேட்பதில்லை.
ரைபிள் வீதியில் ரைபிள் இல்லை.
சந்தியாப்பிள்ளை போய்விட்டார்.
தும்பிக்கையையும் வெட்டிவிட்டார்கள்,
லை இப்போது இரண்டு துண்டு, தீர்வதே இல்லை.

படிவம் லாச்சியில் கிடந்தது.
கடதாசித் தட்டுப்பாடு வந்த வருஷம்
அதன் பின்பக்கத்தில்
பால்கணக்கு எழுதினேன்.